சனிக்கிழமை வயிற்றுவலி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஆண்டு விழா. பத்திரிகையில் எழுதுகிற பாவத்துக்கு என்னையும் வாழ்த்துரைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் திரும்பினேன். ஏன் என்று கேட்க மாட்டீர்களா?

கொடைக்கானலில், அட்டுவம்பட்டிப் பக்கம், தகரக் கூரை போட்ட சின்ன தர்ம ஆஸ்பத்திரி அது. ஒரு டாக்டரம்மா, ஒரு மானேஜர், நாலைந்து நர்சுகள். முன்பெல்லாம் அங்கே பெட் காலியாகவே கிடக்கும். மானேஜர் வாசலில் நின்று, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களில் யாராவது இருமுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான், விறகில் எரிகிற பெரிய பாய்லர் ஒன்றை வாங்கித் தந்தார். உள்நோயாளிகள் எல்லோருக்கும் விடிகாலையில் குளிக்க வெந்நீர்... தாராளமாக! அவ்வளவுதான். மலையில் நோய் பெருகிவிட்டது.

சமவெளி வாசகர்களுக்கு இது விளங்காது. மார்கழி மாசம் எங்கள் ஊர்க் குழாயில் கை வைத்துப் பாருங்கள், விளங்கும். விறகு விற்கிற விலையில் வெந்நீர் என்பது கல்யாணத்துக்கு மட்டும். ஆனால் ஞாயிறு காலை குளிக்காமல் சர்ச் பூசைக்குப் போக முடியுமா? ஆகவே, சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அட்டுவம்பட்டிக்கே வயிற்றை வலிக்கும். மாற்றுத்துணியும் சோப்பு டப்பாவுமாக வந்து அட்மிட் ஆவார்கள். ஞாயிறு காலை பூசை மணி அடிப்பதற்குள் அத்தனை பேருக்கும் குணம்.

டாக்டரம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால், வலிக்கிறது என்று சொல்கிறவரிடம் வலிக்கவில்லை என்று எப்படிச் சாதிப்பது? மானேஜருக்கோ வாயெல்லாம் பல். நோயாளிகள் எண்ணிக்கை வாராவாரம் ஏறுகிறதே! ‘எமது சேவையின் அபார வளர்ச்சி’ என்று ஆண்டறிக்கை எழுதிவிட்டார். அதைக் கேட்க மதுரையிலிருந்து பெரிய மனிதர்களும் விழாவுக்கு முந்தின நாளே மலையேறி வந்துவிட்டார்கள்.

அன்றைக்கும் சனிக்கிழமைதானே? என் பக்கத்து வீட்டு லூர்துசாமிக்கு வயிற்றுவலி வந்தது. டூரிஸ்ட் டாக்சி ஓட்டுகிறவர். சனிக்கிழமை நோயாளிகளில் சீனியர். அவரையும் அவர் மனைவி பிலோமினாவையும் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். அந்தக் குளிரிலும் மனிதருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். தொட்ட இடமெல்லாம் லூர்துசாமி அலறினார். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தானே அலறுவார்?

“இந்த வாட்டி நெசமாவே வலிக்குதுங்க டாக்டரம்மா” என்றார் பிலோமினா.

போன வாரமும் இதையேதான் சொன்னீர்கள் என்று அலுத்துக்கொண்டார் டாக்டரம்மா. வழக்கமான சிவப்பு மிக்ஸ்சர் மருந்தைக் கொடுத்து, வழக்கமான பெட்டில் படுக்கச் சொல்லிவிட்டார். புலி வருது கதைதான். எங்கள் மலையில் புலிக்குப் பதில் வயிற்றுவலி... என்ன, இந்தத் தடவை புலி வந்தே விட்டது என்று எனக்குத் தோன்றியது. நான் சொல்லி யார் கேட்பது?

ஞாயிறு விடிந்தது. மதுரைக்காரர்கள் மங்கி குல்லாவும் கம்பளியுமாக நடுங்கிக்கொண்டு வெந்நீர் கேட்டார்கள். மானேஜர் வார்டுக்குள் ஓடிவந்து, இன்றைக்கு வெந்நீர் பூராவும் விருந்தாளிகளுக்குத்தான், மற்றவர்களுக்கு ஒரு சொம்புகூடக் கிடையாது என்று அறிவித்துவிட்டு பாய்லரைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த நிமிஷம் வார்டு குணமடையத் தொடங்கியது. ஒருவருக்கு வயிறு லேசாகிவிட்டது. இன்னொருவரை அந்தோணியார் காப்பாற்றிவிட்டார். சோப்பு டப்பாவைத் துண்டில் சுருட்டிக்கொண்டு ஒவ்வொருவராக நடையைக் கட்டினார்கள்.

பூசை முடிந்து விருந்தாளிகளோடு நாங்கள் சுற்றிப்பார்க்கக் கிளம்பினோம். கால் வைக்க இடமிருக்காது என்று சொல்லிக்கொண்டே மானேஜர் வார்டுக் கதவைத் திறந்தார். கால் என்ன, கபடியே ஆடலாம்! கடைசிக் கட்டிலில் மட்டும் லூர்துசாமி சுருண்டு கிடந்தார். பக்கத்தில் பிலோமினா.

நோயாளிகள் எங்கே என்றார் ஒரு விருந்தாளி. மானேஜர் எச்சில் விழுங்கினார். எல்லோரும் குணமாகிவிட்டார்கள் என்றார். மதுரையில்கூட இப்படி ஒரு சாதனை கிடையாது என்று விருந்தாளி அவர் கையைக் குலுக்கினார்.

டாக்டரம்மா அந்தக் கடைசிக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெந்நீர் இல்லைன்னு இவர்கிட்டயும் சொன்னீங்களா?”

“எல்லாருக்குந்தாங்க சொன்னேன்.”

“அப்புறமுமா படுத்துக் கெடக்காரு?”

ஓடினார். நெற்றியைத் தொட்டார். அனலாகக் கொதித்தது. ஆபரேஷன் தியேட்டரை வெரசாகத் தயார் பண்ணச் சொன்னார். குடல்வால்! எக்ஸ்ரே கிடையாது, ஸ்பெஷலிஸ்ட் கிடையாது. வெந்நீர் இல்லை என்ற பிறகும் எழுந்திருக்கவில்லை என்கிற ஒரே டெஸ்டில் கண்டுபிடித்த நோய் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஷாமியானா காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. யாரும் மேடையேறவில்லை. தியேட்டர் வாசலில் பிலோமினாவோடு நாங்கள் எல்லோரும் நின்றோம். மானேஜர் ஆண்டறிக்கையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெபம் செய்தார்.

வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வந்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும், இனி பயமில்லை என்றார். பிலோமினா அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டுச் சொன்னார்:

“நோவு இல்லாத வாரமெல்லாம் நம்புனீங்க டாக்டரம்மா. இந்த வாரந்தான் நம்பாமப் போயிட்டீங்க.”



மத்தியானம் மதுரைக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். பாய்லர் நிறைய வெந்நீர். ஆஸ்பத்திரியிலோ ஒரே ஒரு நோயாளி, அதுவும் அசல்.

தையல் பிரிக்கும் வரை அவர் குளிக்கக் கூடாதாம்!