வேலிக்கு அந்தப் பக்கம் காய்த்த பூசணி

அம்பிகா டீச்சருக்கு வாய் சும்மா இருக்காது. விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதினேழு வருஷமாக ஐந்தாம் வகுப்பு எடுக்கிறார். கேள்வி கேட்ட மூச்சிலேயே பதிலையும் சொல்லிவிடுவார். திருமானூரிலிருந்து வரும் பஸ்ஸில் கண்டக்டர் யாரிடமாவது எந்த ஊர் என்று கேட்டால்கூட, இவர்தான் முந்திக்கொண்டு சொல்வார்.

அரியலூரில் நடந்த ஒரு பயிற்சியில், "பிள்ளைங்ககிட்ட கேள்வியக் கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அவங்க யோசிக்கட்டும்" என்றார்கள். அம்பிகாவால் மூன்றைத் தாண்ட முடியவில்லை. ஆனாலும் விடாமல் பழகினார்.

அந்தச் சமயத்தில்தான் பூசணி விவகாரம் வந்தது. பிள்ளைகள் கை கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் நட்ட கொடி, வேலியைத் தாண்டிப் போய்ச் சாமிதுரையின் சோளக்கொல்லையில் காய்த்திருந்தது. ஒரே காய், குடம் மாதிரி. அது யாருக்குச் சொந்தம்?

வகுப்பில் இதைக் கேட்டுவிட்டு அம்பிகா எண்ணத் தொடங்கினார். ஏழு வந்தபோது இலக்கியா எழுந்தாள்.

"நாமதானே டீச்சர் வெதை போட்டோம். நம்மளுதுதான்."

"அவரு கொல்லையில இருக்குல்ல?" என்றான் பிரசாத்.

"ஒங்க ஆடு அவரு கொல்லைக்குள்ள போனா, அது அவரு ஆடாயிடுமா?"

பதில் அம்பிகாவின் தொண்டை வரை வந்துவிட்டது. சாக்பீஸை இறுக்கிப் பிடித்தபடி பேசாமல் நின்றார்.

பேச்சு வீடுகளுக்குப் போனது. மறுநாள் சாமிதுரை வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, பாடம் நடத்துறீங்களா, பஞ்சாயத்து வெக்கிறீங்களா? நான் என்னமோ பூசணிக்காயத் திருடிட்ட மாரி ஊருல பேசுறாங்க!"

அம்பிகா பதறிப்போய் வாசலுக்கு வந்தார். "அப்புடி யாரும் சொல்லலிங்கண்ணே..."

"காய நீங்களே எடுத்துக்குங்க. நான் குடுத்துட்டேன். போதுமா?"

கடைசி வரிசையில் பிரவீணா கை தூக்கினாள். வருஷம் தொடங்கியதிலிருந்து வகுப்பில் தானாக ஒரு வார்த்தை பேசாத பெண்.

"பெரியப்பா, அது எங்களுதா இருந்தா நீங்க எப்புடிக் குடுக்க முடியும்? நீங்க குடுத்தா அது ஒங்களுதுன்னு ஆயிடுதே?"

சாமிதுரை துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அப்புறம் சிரித்துவிட்டார்.

"யாரு மவ இது?" என்றபடி உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "சரி, நான் ஒண்ணு கேக்குறேன். மண்ணு பட்டு அழுவிப் போவாம இருக்கணும்னு காய்க்கு அடியில வைக்கோல் போட்டவன் நான். அதுக்கு என்ன சொல்றீங்க?"

யாருக்கும் அது தெரியாது. மொத்த வகுப்பும் வேலியோரம் ஓடிப்போய்ப் பார்த்தது. ஆமாம், காயின் அடியில் மெத்தை போல வைக்கோல். "அப்ப பாதி அவருக்கு" என்று இறங்கி வந்தாள் இலக்கியா. "வெதை போட்டது ஒரு நா வேலை. இவரு தெனம் பாத்துருக்காரு. பாதின்னா எப்புடிச் சரியாவும்?" என்றான் பிரசாத். மணி அடித்தும் ஓயவில்லை. இப்படியே மூன்று நாள். தண்ணீர் பாய்ச்சுகிற நேரம் போக, சாமிதுரையும் வேலியோரம் நின்று சரிக்குச் சரி வாதாடினார்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். காய் சத்துணவுக்கு, அவருக்கும் ஒரு தட்டு. பிள்ளைகள் ஒத்துக்கொண்டார்கள். பிரவீணா மட்டும், "சமைக்கிறது சரிங்க டீச்சர். ஆனா யாருதுன்னு இன்னும் முடிவாவலியே" என்றாள். சத்துணவு சமைக்கிற செல்வம்மாள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அரிந்து சாம்பாரில் போட்டுவிட்டார்.

மதியம் சாமிதுரை பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பக்கத்தில் இருந்த பிரவீணா அவரிடம் ஏதோ கேட்டாள். சோற்றுக் கையை அப்படியே நிறுத்தி அவர் யோசிக்க ஆரம்பித்தார். இத்தனை வருஷமாகச் சொல்லிக் கொடுத்த எந்தப் பதிலும் தனக்கு இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை என்று அம்பிகாவுக்குப் பட்டது. அந்தப் பெண் என்ன கேட்டாள் என்று தெரிந்துகொள்ள, தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.