பிரெஞ்சுப் படை வராத ஞாயிறுகள்

ஜெர்மனியை ஒட்டிய எல்லை மலையின் அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில், என் புருஷன் வீட்டார் ஒரு பீர்க்கடை நடத்தி வந்தார்கள். பிற்பாடு கம்யூனிஸ்ட் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. அப்போதும் கோப்பை நிரப்பியவள் நான்தான். அந்தக் கடையின் மூலை மேசையில் வருஷக்கணக்காக ஒரு போர் நடந்தது. அதை நடத்தியவர் ஆல்பின் ஹவ்ரானெக்.

ரயில்வேயில் சிக்னல் கேபினில் வேலை அவருக்கு. நெடுநெடுவென்று வளர்ந்த, வாயைத் திறக்க யோசிக்கிற மனுஷர். அவர் மனைவி க்வேதா, "இவர்கிட்டேர்ந்து ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள மாவு உருண்டை வெந்துடும்" என்பாள். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், ஆளே மாறிவிடுவார்.

அந்த வருஷம் அவர் மலைமேல் ஒரு கான்கிரீட் பங்கரில் இயந்திரத் துப்பாக்கிக்காரராக இருந்தார். சின்ன வயசு. ஜெர்மனி எங்கள் மலையைக் கேட்டது. எங்களுக்குத் துணை நிற்பதாகக் கையெழுத்துப் போட்டிருந்த பிரான்ஸ், மியூனிக் நகரில் மற்றப் பெரிய நாடுகளோடு உட்கார்ந்து, எங்களைக் கேட்காமலே மலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. அந்த அறைக்குள் எங்கள் ஆட்களை விடவே இல்லை. பங்கரைக் காலி பண்ணச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு குண்டுகூடச் சுடாமல் இறங்கினார்கள். அடுப்பில் உருளைக்கிழங்கு சூப் கொதித்துக்கொண்டிருந்ததாம். அதை வருகிறவன் குடிக்கக் கூடாது என்று ஆல்பின் தரையில் கவிழ்த்துவிட்டு வந்தார். "நாங்க அந்தப் போர்ல செஞ்ச ஒரே காரியம் அதான்" என்பார்.

இறங்கிய நாளிலிருந்து அவர் மனசில் ஒரே கேள்வி. அன்றைக்கு யாராவது ஒரு தளபதி முடியாது என்று சொல்லியிருந்தால்?

அதைத்தான் மூலை மேசையில் ஆடினார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு வரைபடத்தை விரிப்பார். கறுப்புக் கோட்டுப் பொத்தான்கள் ஜெர்மன் படை. வெள்ளைச் சட்டைப் பொத்தான்கள் நாங்கள். பாதிக்கு மேல் க்வேதாவின் தையல் பெட்டியிலிருந்து போனவைதான். எதிரில் உட்காருகிறவர் லுபோர் யிந்த்ரா, பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார், ஆல்பினுக்குப் பத்து வயசு இளையவர். கறிக்கடை குபாத் நடுவர், அதாவது சண்டை மூட்டிவிடுகிறவர்.

ஒவ்வொரு வாரமும் சரித்திரத்தை வேறொரு இடத்தில் திருப்புவார்கள். ஒரு வாரம் எங்கள் தளபதி உத்தரவை மீறுவார். இன்னொரு வாரம் நாங்களும் போலந்துக்காரரும் பழைய பகையை மறந்து கைகோத்துக்கொள்வோம். வேறொரு வாரம் அதற்கும் முன்னால் போய், ஜெர்மன் படை ரைன் நதியைக் கடந்தபோதே பிரான்ஸ் அடித்து விரட்டியிருந்தால் என்று தொடங்குவார்கள். எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டும். ஆல்பினின் வெள்ளைப் பொத்தான்கள் மலையில் தாக்குப்பிடிக்கும். மேற்கிலிருந்து பிரெஞ்சுப் படை வந்தால் தப்பிக்கலாம். வாத்தியார் வர விடமாட்டார்.

"வரமாட்டாங்க, அண்ணே. அவங்க ஊர்ல யாருக்கும் சண்டைக்குப் போக மனசில்ல."

"நாம மூணு வாரம் தாங்கினா வருவாங்கடா வாத்தி. நாம அடி வாங்கிட்டு நிக்கிறதப் பாத்து அவங்களுக்கே வெக்கமாயிடும்."

"வெக்கப்பட்டு எந்தப் படையும் கெளம்பினதா சரித்திரம் இல்ல."

குபாத் சிரிப்பார். ஆல்பின் தோற்பார். அடுத்த ஞாயிறு மறுபடி வருவார். அந்த இருவருக்கும் இடையே இருந்தது அண்ணன் தம்பிப் பாசம்தான். வாத்தியாரின் மனைவி செத்தபோது அவருக்கும் அவர் மகனுக்கும் ஒரு குளிர்காலம் முழுக்கச் சோறு போட்டது க்வேதாதான்.

அறுபத்தெட்டு ஆகஸ்டில் மறுபடி டாங்கிகள் வந்தன. இந்தத் தடவை கிழக்கிலிருந்த நட்பு நாடுகளின் டாங்கிகள், எங்கள் அரசாங்கம் விட்ட கொஞ்ச சுதந்திரத்தை நசுக்க. எங்கள் ஊர் லெவல் கிராசிங் வழியாகத்தான் போயின. மறுபடியும் யாரும் சுடவில்லை. அதற்குப் பிறகு மேசையில் பழைய போர் மட்டும்தான் நடந்தது. புதியதைப் பற்றி வாய் திறக்க ஊரில் யாருக்கும் தைரியமில்லை.

மூன்று வருஷம் போயிருக்கும். இலையுதிர் காலம். ஆல்பினும் வாத்தியாரும் காளான் பொறுக்கக் காட்டுக்குப் போனார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத இடம். அங்கே ஆல்பின் க்வேதாவிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். டாங்கிகள் வந்த காலையில் சிக்னல் கேபினில் இருந்தவர் அவர்தான். பக்கத்துத் தடத்தில் நிலக்கரி வண்டி ஒன்று நின்றது. அதை இழுத்துக் கிராசிங்குக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தால் டாங்கிகள் அரை நாளாவது நின்றிருக்கும். அந்த அரை நாளில் அடுத்த ஊர்க்காரன் ஒரு மரத்தை வெட்டிப் போட்டிருப்பான். அதற்கடுத்த ஊர்க்காரன் இன்னொன்று செய்திருப்பான். கை தடம் மாற்றும் நெம்புகோல் வரைக்கும் போனது, திரும்பிவிட்டது என்றார். சொல்லிவிட்டு அழுதாராம்.

அந்தக் குளிர்காலத்தில் ரகசியப் போலீஸ் அவரை விசாரணைக்குக் கூப்பிட்டது. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், காப்பி கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நிலக்கரி வண்டிய கிராசிங்குல குறுக்க நிறுத்தியிருப்பீங்களாமே? அடுத்த ஊர்க்காரன் மரம் வெட்டிப் போட்டிருப்பானாமே?"

அதற்குப் பிறகு அதிகாரி பேசியது எதுவும் ஆல்பினின் காதில் ஏறவில்லை. வெளியே வந்து ரயில் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். வண்டி வந்தது, போனது. ஏற மறந்துவிட்டதாக என் புருஷனிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வந்தார். வரைபடத்தை விரித்தார், பொத்தான்களை அடுக்கினார். வாத்தியார் எதிரில் உட்கார்ந்து சூப் கேட்டார். நான் கொண்டுபோய் வைத்த நேரம். அத்தனை வருஷமாக வாத்தி, நீ என்றே கூப்பிட்ட மனுஷர், அன்று முதல் தடவையாக நீங்க என்றார்.

"நிலக்கரி வண்டி சங்கதிய உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

வாத்தியாரின் கரண்டி சூப்பிலேயே நின்றுவிட்டது. குபாத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாத்தியார் தலை குனிந்தபடியே சொன்னார்:

"பையன காலேஜ்லேர்ந்து தூக்கிடுவோம்னாங்க, அண்ணே. உங்களப் பத்தி ஏதாவது ஒண்ணு சொல்லியே ஆகணும்னு நின்னாங்க. இது நடக்காத விஷயம்தானே, வெறும் பேச்சுதானே, இதனால உங்களுக்கு என்ன ஆயிடப்போகுதுன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட வந்திருக்கலாமே."

"எப்பிடி வர்றது?"

"நடந்து வர்றதுதான். ரெண்டு தெரு. 'அண்ணே, உங்களப் பத்தி சொல்லச் சொல்றாங்க'ன்னு ஒரு வார்த்த. உக்காந்து கெடுதல் இல்லாததா ஒண்ண ஜோடிச்சிருப்போம். குடிச்சுட்டு மந்திரியத் திட்டினான்னு சொல்லச் சொல்லியிருப்பேன். நானே சொல்லிக் குடுத்திருப்பேன். பையனும் படிச்சிருப்பான், எனக்கும் ஒண்ணும் ஆயிருக்காது." வரைபடத்திலிருந்து ஒரு வெள்ளைப் பொத்தானை எடுத்தார். "என் பொழப்ப, என்னைய வெளிய நிக்க வெச்சுட்டுப் பேசி முடிச்சுட்டீங்க."

குபாத் எழுந்து வாத்தியாரின் சட்டைக் காலரைப் பிடித்தார். ஆல்பின் வேண்டாம் என்று கையைக் காட்டினார். வெள்ளைப் பொத்தான்களை மட்டும் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனார். கறுப்புப் பொத்தான்கள் அப்படியே கிடந்தன. யாரும் தொடவில்லை. கடை சாத்தும்போது நான்தான் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன்.

ரயில்வே அவரைச் சிக்னல் பக்கம் அண்ட விடவில்லை. பால் பண்ணையில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலைக்கு அனுப்பினார்கள். அதையாவது அவர் தாங்கிக்கொண்டார். அவர் மகள் ஸ்தெனா அந்த வருஷம் டாக்டர் படிப்புக்கு மனுப் போட்டிருந்தாள். வகுப்பில் முதல் மாணவி. அவளை அழைக்கவே இல்லை. யாரும் காரணம் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. வாத்தியாரின் மகன் தலைநகர் பிராக்கில் படித்து முடித்து என்ஜினீயர் ஆனான். ஸ்தெனா அதே பால் பண்ணையில் பாட்டில் கழுவும் இடத்தில் சேர்ந்தாள். அப்பாவும் மகளும் காலையில் ஒன்றாகப் போய் மாலையில் ஒன்றாகத் திரும்புவார்கள். தெருவில் வாத்தியார் எதிர்ப்பட்டால் ஆல்பின் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைப்பார், முன்பின் தெரியாதவருக்கு வைப்பதுபோல. அது கன்னத்தில் அறைவதைவிட மோசம் என்று குபாத் சொல்லுவார்.

ஆல்பின் அதன் பிறகு எந்தப் போரையும் ஆடவில்லை. க்வேதா ஒருநாள், வீட்டிலேயே என்னோடு ஆடுங்களேன் என்று கேட்டாளாம். எதிராளி நம்பிக்கையானவனா இருக்கணும் க்வேதா, நீ என்னை ஜெயிக்க விட்டுடுவ என்று சொல்லிவிட்டார்.

காலம் திரும்பியது. எண்பத்தொன்பதில் கம்யூனிஸ்ட் ஆட்சி போனது. மலைமேல் பங்கரைச் சுத்தம் பண்ணி வெள்ளையடித்து, சீட்டு வாங்கிப் பார்க்கும் இடமாக்கினார்கள். வாத்தியார் ஓய்வுபெற்று ஊர்ப் பெரிய மனுஷராகிவிட்டிருந்தார். 'நாம் அன்று சண்டை போட்டிருந்தால்' என்று ஒரு புத்தகம் எழுதினார். ஊர் நூலகத்தில் வெளியீட்டு விழா. நான் ரொட்டித் துண்டும் ஒயினும் பரிமாறப் போயிருந்தேன். ஸ்தெனாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆல்பினும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்.

வாத்தியார் வாசிக்க வாசிக்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒவ்வொரு நகர்வும் மூலை மேசையில் ஆல்பின் ஆடியது. உத்தரவை மீறும் தளபதி, பனியில் சிக்கும் ஜெர்மன் லாரிகள், போலந்துக்காரரோடு கைகோப்பது, எல்லாம். ஆல்பினின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. ஓரிடத்தில் ஒரு பழைய சிப்பாய் சொன்னதாக வந்தது, அவ்வளவுதான்.

கேள்வி நேரத்தில் ஆல்பின் எழுந்து நின்றார்.

"வாத்தியாரே, உங்க புத்தகத்துல பிரெஞ்சுப் படை வருதா?"

வாத்தியார் புத்தகத்தை மூடினார். "வருது. மூணாவது வாரம்."

"எங்கூட ஆடினப்ப ஒரு தடவகூட நீங்க வர விட்டதில்லையே."

கூட்டம் சிரித்தது, பழைய சிநேகிதர்களின் கேலி என்று நினைத்து. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படிக்கிறவங்களுக்கு அப்பிடி இருந்தாத்தான் பிடிக்குது" என்றார் மெல்லிய குரலில்.

ஆல்பின் தலையை ஆட்டிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். கைதட்டல் கேட்கிறவரைக்கும்கூட அவர் அங்கே இல்லை.

அதற்குப் பிறகு அவர் இரண்டு கோடைதான் இருந்தார். வெள்ளரி போட்டார், பேரப்பிள்ளைக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பங்கரைப் பார்க்க வாருங்கள், இலவசமாக விடுகிறோம் என்று பலமுறை கூப்பிட்டார்கள். ஒருமுறைகூடப் போகவில்லை.

அடக்கத்துக்கு வாத்தியார் வந்து மதில் ஓரமாக நின்றார். க்வேதா அவர் நின்ற பக்கமே திரும்பவில்லை. வாத்தியாரின் என்ஜினீயர் மகன் பிராக்கிலிருந்து பெரிய மலர் வளையத்தோடு வந்திருந்தான். ஸ்தெனாவின் கையைப் பற்றி, "எங்கப்பா எப்பவும் சொல்வாரு, உங்கப்பா மாதிரி வேற ஒரு சிநேகிதன் தனக்கு அமையவே இல்லன்னு" என்றான். குரலில் கள்ளமே இல்லை.

ஸ்தெனா கையை விடுவித்து மலர் வளையத்தை வாங்கிக்கொண்டாள். "ஆமா. ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை ஒண்ணா ஆடுவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில் நான் பொறுக்காமல் கேட்டேன், ஏன் அவனிடம் உண்மையைப் போட்டு உடைக்கவில்லை என்று. அவள் தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியைக் கழற்றி மடித்தபடியே சொன்னாள்:

"அவனுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. தெரிஞ்ச மனுஷன் அங்க மதில்கிட்ட நின்னாரு. அவரு வந்து சொல்வாருன்னு கடைசிவரைக்கும் பாத்தேன். வரல."