வென்டிலேட்டரை அடைத்த பஞ்சு

நாங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். ஆனால் போன மார்கழியில் நடந்ததை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மலைக்காற்று வீசத் தொடங்கியதும் வீட்டுக்கார அம்மா ஒரு பை நிறைய மில் கழிவுப் பஞ்சுடன் வந்தார். "ஏனுங்க அம்மணி, இந்தப் பனிக்காத்துல புள்ளைக்குச் சளி புடிச்சுப்போடுமுங்க" என்று சொல்லி, சுவரின் மேலே காற்றுக்காக விட்டிருந்த வென்டிலேட்டர்களை எல்லாம் அவரே அடைத்தார். மறுக்கக் கூச்சப்பட்டு நின்றேன்.

கொஞ்ச நாளில் சுவரெல்லாம் ஈரம் கோத்துக் கறுத்தது. தினமும் துடைத்தும் வாடை போகவில்லை. ஒரு காலையில் என் சின்ன மகள் மூச்சுவிட முடியாமல் தவித்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நல்லவேளை, பிழைத்தாள். "ஊட்டுக்குள்ள காத்தே வராதா அம்மணி?" என்று டாக்டர் கடிந்துகொண்டார்.

வீடு திரும்பியதும் பஞ்சைப் பிடுங்கினேன். ஈரத்தில் ஊறி, கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினால் அந்த அம்மா, "ஊட்டைச் சுத்தமா வெச்சிருந்தா இப்படி ஆகுமாங்க?" என்றார்!

"நீங்க அடைச்சது எம்புள்ளை மூச்சைங்க! இனி எங்க ஊட்டுச் சுவத்துல கை வெக்காதீங்க!" என்று கத்திவிட்டேன்.

இப்போது எவ்வளவு பனி பெய்தாலும் வென்டிலேட்டர்கள் திறந்தே இருக்கின்றன. வெயில் ஏறியதும் சன்னல்களையும் திறந்துவிடுகிறேன். குளிருக்கு மகளுக்கு ஸ்வெட்டர் போதும். அடைக்கச் சொல்லி யார் வந்தாலும், "வேண்டாமுங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்.