சந்தூக்குக் கொட்டிலில் ஒளித்த வான்

கல்முனை நகருக்குள் வாகனம் நிறுத்தும் கட்டணம் மறுபடியும் கூடிய கிழமையில்தான் என் பழைய டீசல் வான் புகைப் பரிசோதனையில் தோற்றது. அதில் தேறிய சான்றிதழ் இல்லாமல் வருட அனுமதிப்பத்திரம் தரமாட்டார்கள். கையிலிருந்த பத்திரமோ இன்னும் மூன்று நாளில் முடிகிறது. அதன் பிறகு, சாய்ந்தமருதிலிருந்து அட்டாளைச்சேனைக்கு நான் தினமும் ஏற்றிப்போகும் டீச்சர்மார் வேறு வான் பார்த்துக்கொள்வார்கள். என் வீட்டில் அடுப்பு எரிவது அவர்களால்தான்.

போதாததற்கு, புகை கக்கும் வண்டிகளிடம் இன்னும் கூடுதலாக அறவிடப் போகிறார்கள் என்று சந்தையில் ஒரு கதை. யார் சொன்னது என்று நான் விசாரிக்கவில்லை. பயப்படுவதற்கு எனக்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை.

அன்று பகல் டீச்சர்மாரை வீடுகளில் இறக்கிவிட்டு மீன் வாங்கப் போனபோது, கட்டணம் அறவிடும் தம்பி டிக்கெட் புத்தகத்தோடு கையை உயர்த்திக்கொண்டு வந்தார். பார்த்த மாத்திரத்தில் வானைத் திருப்பினேன். மீனும் இல்லை, ஒன்றும் இல்லை. நேரே எங்கள் பள்ளிவாசல் வளவுக்குள் நுழைந்து, மையத்தை அடக்கக் கொண்டுபோகும் பெட்டியான சந்தூக்கு வைத்திருக்கும் கொட்டில் வாசலில் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தினேன். முன் நம்பரை ஒரு சாக்கால் மூடினேன். போனை அணைத்தேன். ஒழுங்கை வழியே நடந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

அந்த வானை நம்பர் பார்த்து அடையாளம் காண்பவர் ஊரில் ஒருவரும் இல்லை என்பதை மறந்துபோனேன். சந்தூக்குக் கொட்டிலுக்கு முதுகைக் காட்டி ஒரு வாகனம் நின்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், அந்த வாகனக்காரர் வீட்டில் ஒரு மரணம், என்பதையும்.

பின்னேரம் அஸர் தொழுகை நேரம் மனைவி என்னை உலுப்பினாள்.

"எழும்புங்க! ஊட்டு முத்தம் நிறைஞ்ச ஆக்கள். பக்கத்து ஊட்டு ராத்தா சோத்துச் சட்டியோட வந்து அழுறா. நம்மட ஊட்டுல ஆரு மௌத்தாப் போன?"

வெளியே வந்தேன். தொப்பி போட்ட ஆண்கள் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கராஜ் வைத்திருக்கும் என் மச்சான்தான் முதலில் கண்டார்.

"அல்லாஹ்வே! மையத்து நடந்து வருது!"

"நான் மௌத்தாகல்ல மச்சான். வான்தான் சாகப் பாக்குது" என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

முற்றமே சிரித்தது. ராத்தா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியை நீட்டினார். "மௌத்தூட்டுல அடுப்பு மூட்ட மாட்டாங்களேண்டு ஆக்கின சோறு. திருப்பிக் கொண்டு போக ஏலா. உசிரோட இரிக்கிறத்துக்குத் தின்னுங்க."

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு தொப்பி தலையைக் குனிந்து நின்றது. டிக்கெட் புத்தகத் தம்பி.

"என்னக் கண்டு ஏன் காக்கா ஓடின? நான் சலாம் சொல்லத்தானே கையத் தூக்கின."

அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றவருக்கு, பகலில் விட்ட சலாத்தின் பதிலை அப்போதுதான் சொன்னேன்.

எல்லோருமாகப் பள்ளிவாசலுக்குப் போனோம். மச்சான் எயார் பில்டரைக் கழற்றித் தட்டினார். அறுவடைக் காலம் முழுதும் நெல் காயப்போட்ட பாதையில் ஓடிய வான் அது. தூசும் பதரும் கொட்டிக்கொண்டே இருந்தன.

"இதுக்குள்ள ஒரு போகமே வெளைஞ்சிரிக்கு மச்சான்! மூச்செடுக்க ஏலாத வான் புகை கக்காம என்ன செய்யும்? இதோட ஸ்டார்ட் பண்ணாதீங்க, கராஜுக்குத் தள்ளுவம்."

என்னைச் சுமக்க வந்தவர்கள் என் வானைத் தள்ளினார்கள். முதலில் கை வைத்தது அந்தத் தம்பிதான்.

மச்சான் புதிய பில்டர் போட்டு, டீசல் தெளிக்கும் நொசில்களையும் சுத்தம் செய்தார். மறுநாள் வான் பரிசோதனையில் தேறியது. டீச்சர்மாருக்கு ஒரு நாளும் தவறவில்லை.

அன்று பகலே சந்தைக்குப் போய், பிரதான வீதியில் எல்லோர் கண்ணும் படும்படி நிறுத்திவிட்டு, அந்தத் தம்பி வரும்வரை காத்து நின்றேன். கட்டணம் கூடித்தான் இருந்தது. ஆனாலும் என்னைச் சுமக்க எத்தனை தோள்கள் வருமென்று உயிரோடு பார்க்கக் கிடைத்தவன் நான். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக் காசை நீட்டினேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துத் தரும்போது மட்டும் என் மற்றக் கை சட்டைப்பையில் வான் சாவியைத் தேடியது. பழக்கதோஷம்.