மோரித் தொட்டியும் என் எழுத்தறையும்

எங்கள் செம்பூர் வீட்டில் சமையலறையை ஒட்டி ஒரு மோரி உண்டு. சின்னதாகத் திட்டுக் கட்டி, ஒரு குழாயும் வடிகாலும் வைத்து, பாத்திரமும் துணியும் கழுவுகிற மூலைக்குப் பம்பாயில் அதுதான் பெயர். எங்கள் மோரிக்கு ஒரு அதிர்ஷ்டம், ஜன்னல் இருந்தது. வீட்டிலேயே காற்றும் வெளிச்சமும் வருகிற அந்த ஒரே இடத்தில், முன்பு குடியிருந்தவர் கட்டிவைத்த சிமெண்டுத் தொட்டி உட்கார்ந்திருந்தது. அதாவது என் பனியன்கள் ஜன்னலோரமாக ஊறிக்கொண்டிருக்க, நான் சாப்பாட்டு மேஜையில் கொத்தமல்லிக் கட்டை ஒதுக்கிவிட்டு இலக்கியம் செய்துகொண்டிருந்தேன்.

ஆகவே, தொட்டியில் விரிசல் விழுந்து கீழ்வீட்டு மேற்கூரையில் ஈரம் பரவியபோது, முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"இடிச்சிட்டுப் புதுசா ஒண்ணு போடணும்," என்றாள் மனைவி.

"இடிச்சிடலாம்," என்றேன். ஒரு வாக்கியத்தில் பாதியை மட்டும் ஒப்புக்கொள்ள எழுத்தாளனுக்கு உரிமை உண்டு.

மனைவி டோம்பிவிலியில் தங்கை வீட்டுக்குப் போன நாளாகப் பார்த்து ஆளை வரச் சொன்னேன். தாராவியிலிருந்து வந்த கொத்தனார் திருநெல்வேலிக்காரர். சுத்தியலைத் தூக்குமுன் சுற்றிப் பார்த்தார்.

"புதுத் தொட்டி எங்க, அண்ணாச்சி?"

"தொட்டி கிடையாது. இங்க உக்காந்து எழுதப்போறேன்."

"எழுதுறதுன்னா? கோர்ட்டு வாசல்ல மனு எழுதிக் குடுப்பாவளே, அதா?"

"இல்ல. கதை, கட்டுரை."

"அதுக்கு ஆளுங்க தேடி வருவாவளா?"

"வரமாட்டாங்க."

"அப்போ இந்த இடம் தாராளம்," என்று இடிக்க ஆரம்பித்தார்.

சாயங்காலத்துக்குள் மடக்கு மேஜை, விளக்கு, அகராதி எல்லாம் குடியேறிவிட்டன. கல்லூரியிலிருந்து வந்த மகள் வாசலிலேயே நின்றாள். "என்னப்பா, கவலையே இல்லாம பிந்தாஸா உக்காந்திருக்கீங்க? அம்மா பாத்தா?"

அம்மா பார்த்தாள். "தொட்டி எங்க?"

"வாஷிங் மெஷின்தான் இருக்கே. இந்தக் காலத்துல போய் யாராவது தொட்டி வச்சிருக்காங்களா?" பேச்சை நான் முன்பே எழுதித் திருத்தி வைத்திருந்தேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். "சரி, நாளைக்கு நீங்களே மெஷின்ல போடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காபி குடித்து, பேப்பர் படித்து, சாவகாசமாகத் துணிகளைப் போட்டுப் பொத்தானை அமுக்கினேன். மெஷின் முனகியது. ஒரு சிவப்பு விளக்கு கண்ணடித்தது. அத்தோடு சரி.

"தண்ணி வரலையே?"

"அது விடிகாலைல வந்துட்டுப் போயாச்சு."

"தினமும் மெஷின் ஓடுதே?"

"தொட்டியில பிடிச்சு வச்சு, பக்கெட்டுல மொண்டு மொண்டு நான் ஊத்துறேன். ஓடுது."

இந்த நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி நான் உருக்கமாக ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறேன். அந்தத் தண்ணீர் என் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அது வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

அடுத்த நாளிலிருந்து மனைவி கிடைத்ததிலெல்லாம் தண்ணீர் பிடித்தாள். குடம், பக்கெட், இட்லிப் பானை, பிரஷர் குக்கர். வைக்க இடம் வேண்டுமே? மோரியில் சமதளமாக இருந்தது என் மேஜை ஒன்றுதான். அகராதி ஃப்ரிட்ஜ் மேல் ஏறியது. நாற்காலியில் அழுக்குத் துணி குவிந்தது. எழுத்தறையில் எல்லோருக்கும் இடம் இருந்தது, எனக்குத்தான் இல்லை.

காலர் விவகாரம் தனி. எங்கள் வீட்டில் மெஷினுக்குப் போகுமுன் எந்தச் சட்டையும் தொட்டியில் ஊறி, காலரில் பிரஷ் வாங்கித்தான் ஆக வேண்டும். அப்படி வாங்காத சட்டையோடு மாட்டுங்காவில் ஒரு இலக்கியக் கூட்டத்துக்குப் போனேன். எளிமையைப் பற்றிப் பேசினேன். முன்வரிசைக்காரர்கள் என் கழுத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

திரும்பி வந்ததும் வெடித்தேன். "இத்தனை வருஷமா எழுதுறேன். எனக்குன்னு ஒரு மூலை கூடாதா?"

"எழுதுங்க. யாரு படிக்கப்போறா? இவளா?" என்று மகளைக் காட்டினாள் மனைவி.

மகளுக்குத் தமிழ் பேச வரும். படிப்பதென்றால் கடைப் பலகை வரைக்கும். அவள் போனிலிருந்து தலையைத் தூக்கி, "ஆடியோவா போடுங்கப்பா, டிரெயின்ல கேக்குறேன்," என்றாள். பெரிய மனசு.

"துணியை ஊறப் போட்டுட்டு நான்தான் படிப்பேன்," என்றாள் மனைவி. "இப்பக் குடம் தூக்கியே பொழுது போயிடுது. போன மாசம் பத்திரிகையில வந்த உங்க கதையையே இன்னும் படிக்கல."

வாசகர் வட்டம், விமர்சகர்கள், பின்னாளில் வரப்போகும் ஆய்வு மாணவர்கள் என்று பலரை மனதில் வைத்து எழுதுகிறவன் நான். நிஜத்தில் கடைசி வரி வரை படிக்கிற ஆள் ஒரே ஒருத்தி. அவள் தலைமேல் நான் பிரஷர் குக்கரை ஏற்றியிருந்தேன்.

மறுநாளே கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு கடைக்குப் போனோம். மனைவி ஒவ்வொரு தொட்டியையும் பலாப்பழம் வாங்குகிற மாதிரி தட்டிப் பார்த்தாள். கடைசியில் நீல நிறத்தில் ஒரு ஃபைபர் தொட்டி, பழையதைவிடப் பெரியது. நான் மெதுவாக, "கொஞ்சம் சின்னதா…" என்றேன். கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. யாரிடம் பேச வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தொட்டி ஜன்னலடியில் உட்கார்ந்த அன்று, மனைவி எங்கிருந்தோ ஒரு பலகையைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டாள். "துணி ஊறுற வரைக்கும் உங்க இடம்."

அந்தப் பலகையில்தான் இதை எழுதுகிறேன். காற்று நன்றாக வருகிறது. காகிதம் லேசாகச் சோப்பு மணக்கிறது. அடியில் என் வெள்ளைச் சட்டைகள் ஊறிக்கொண்டிருக்கின்றன. மனைவி பிரஷ்ஷும் கையுமாக இரண்டாவது தடவை எட்டிப் பார்த்துவிட்டாள்.

"முடிஞ்சுதுன்னா குடுங்க, படிக்கிறேன். இல்லன்னா எந்திரிங்க, காலர் தேய்க்கணும்."