நல்ல நேரத்தில் ஓடிய ஜெனரேட்டர்

மின்வெட்டு ஊரையே ஆட்டிவைத்த காலம். சிவகாசியில் தினசரிக் காலண்டர் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் முதலாளி, ஊரில் தன்னைவிட்டால் மேதாவி கிடையாது என்று நினைப்பவர், புது ஜெனரேட்டர் வாங்கினார். அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை, பூசணிக்காய் எல்லாம் வந்தன. வராதது சேஞ்ச்ஓவர் சுவிட்ச்தான். ஜெனரேட்டர் கரண்டு தெருக்கம்பிக்குப் போகாமல் தடுப்பது அது.

"சுவிட்ச மாட்டிட்டு நாளைக்கு ஓட்டுவோம் மொதலாளி," என்றார் எலக்ட்ரீசியன்.

"நல்ல நேரம் முடியப்போகுதுய்யா. நம்ம காலண்டர்லயே போட்டிருக்கு, பாரு."

"அப்ப மெயினையாவது அமத்திருவோம்."

"வெளிய கரண்டே இல்ல. இல்லாத கரண்டுக்கு எதுக்கு மெயின அமத்தணும்?"

சொல்லிவிட்டுத் தானே ஜெனரேட்டரை ஓடவிட்டார். உடனே எதிரே டீக்கடையில் பல்பு எரிந்தது. தெரு முழுக்க மின்விசிறிகள் சுற்றின. கரண்டு இல்லாத நேரம் பார்த்துக் கம்பத்தில் ஏறி, கம்பியைத் தொடப்போன லைன்மேன், அந்தப் பல்பைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். தெருவின் சுமையைத் தாங்க முடியாமல் ஜெனரேட்டர் முனகி நின்றது.

லைன்மேன் கம்பத்திலிருந்து இறங்கி நேரே பிரஸ்ஸுக்குள் வந்தார். "என்னையக் கொல்லப் பாத்தீகளே!"

முதலாளி அசரவில்லை. "நல்ல நேரத்துல ஆரம்பிச்சதாலதான்யா நீ பொழச்ச," என்று அவர் கையில் பூசைப் பொரியைத் திணித்தார்.

ஜெனரேட்டருக்கு மறுபடியும் சூடம் காட்டினார்கள். டீக்கடைப் பல்புக்கு ஒருத்தரும் ஒரு பொட்டுக்கூட வைக்கவில்லை.