அடைத்த சுவர்

மகன் ஏசி மாட்டுகிறான். அதற்காகப் போன வாரம் கொத்தனார் வந்து படுக்கையறை வெண்டிலேட்டரைச் செங்கல் வைத்து அடைத்தார். ஈரச் சிமெண்டு வாசம் வீடெல்லாம் பரவியது. எங்க வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். வெயில் தாழட்டும் என்றுகூட நான் தடுக்கவில்லை.

தொண்ணூறுகளில் அவர் வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தார். சூலூரில் தறி ஓட்டியவர்தான். பக்கத்து வீட்டுத் தங்கவேலு கூப்பிட்டான் என்று கூடவே போனார். லீவில் வந்தால் தலையணையெல்லாம் கரி. "இஸ்திரிக்காரனைக் கட்டியிருந்தாக்கூடத் துணியாவது வெளுப்பா இருந்திருக்கும்" என்பேன். சிரிப்பார்.

அங்கே அவருக்குச் சுவர் கட்டுகிற வேலை. வெட்டி முடித்த இடத்தில் மிச்சம் கிடக்கிற நிலக்கரி, காற்றுப் பட்டுப் பட்டுத் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளுமாம். அதனால் ஆள் இருக்கிற பக்கம் ஃபேன் வைத்துக் காற்றை அனுப்பி, பழைய பக்கத்தைச் சந்து விடாமல் அடைத்துவிடுவார்கள். நான் அஞ்சாவதோடு நின்றவள், ஆனாலும் இது எனக்குப் புரிந்தது. சோறு வெந்ததும் அடுப்புத் தணலைப் பானையில் போட்டு மூடினால் அணைந்து கரியாகும். மூடி விலகியிருந்தால் எரிந்து சாம்பலாகிவிடும். அன்னாடம் செய்கிற வேலைதானே.

ஒருநாள் பழைய சுவரில் வெடிப்பு விட்டு உள்ளே கரி சூடேறினால் வருகிற, மண்ணெண்ணெய் மாதிரி வாசம் வந்திருக்கிறது. பார்க்கப் போன தங்கவேலு திரும்பவில்லை. விஷப்புகை. தேடப் போனவர்களும் பாதியில் திரும்பிவிட்டார்கள். உள்ளே தீ கிளம்பிவிட்டது, மற்றவர்கள் பிழைக்க வேண்டுமென்று அந்தப் பக்கத்தையே அடைக்கச் சொன்னார்கள். அடைத்தது இவர்.

ஊருக்கு வந்து, தங்கவேலின் அம்மா ராமாத்தாள் முன்னால் தலைகுனிந்து நின்றார்.

"எப்பத் தொறப்பாங்க கண்ணு?"

"சூடு ஆறோணுங்கம்மா. இப்பத் தொறந்தாக் காத்துப் போயி மறுக்கா பத்திக்குமுங்க."

"அப்ப அவனுக்குக் காத்தே போகாதா?"



உடம்பு வராமல் கருமாதி கிடையாது என்றுவிட்டது அந்தம்மா. வாசக்கதவையும் சாத்துவதில்லை. "திருடன் வருவானுங்க" என்றால், "வந்தா என்னையத்தான் தூக்கிட்டுப் போகோணும் அம்மணி. சாத்துனா மூச்சு முட்டுது" என்னும். இவர் லீவில் வரும்போதெல்லாம் பை இறக்குவதற்கு முன் அதே கேள்வி.

அதற்கப்புறம் நான் தணலை மூடவில்லை. தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுவேன். மாரியாத்தா முன்னால் நின்றால் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: "அந்தச் சுவரு எழும்பறதுக்கு முன்னாலயே அவன் உசுரு போயிருக்கோணும் தாயே." ஒரு தாய்க்குப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு இப்படி வேண்டுகிறோமே என்றிருக்கும். வேறெப்படி வேண்டுவதென்று இன்றைக்கும் தெரியவில்லை.

விறகடுப்பு போயிற்று, தணல் பானை போயிற்று. ராமாத்தாள் போனபின், சாத்தாத கதவோடு இருந்த அந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள். அந்தச் சுவரைத் திறக்காமலே சுரங்கத்தையே மூடியாயிற்றாம்.

அன்றைக்குக் கோயிலிலிருந்து வந்தவர், அந்த வீடு இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். எப்பத் தொறப்பாங்க என்று கேட்க அங்கே ஆளில்லை.